கஞ்சி குடிச்சாச்சா? (வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, சிங்கப்பூரில் நான் பார்த்துக்கொண்ட சீனப் பாட்டிகளின் காலைக் கஞ்சியைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை, வேதாளை, தொண்டி என்று நம் கடற்கரை நெடுகிலுமிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: எனக்கு ஊர் தங்கச்சிமடம். அப்பா கடலுக்குப் போனவர். நர்சிங் முடித்து 1998-இல் சிங்கப்பூர் போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் 19 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். அங்கே என் கையால் சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேல் சின்ன வயதில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இந்த மாதம் பக்கம் முழுக்க அவர்களுடைய சாப்பாடுதான்.

நர்சிங் முடித்துவிட்டேன். அடுத்த மாதம் சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்கிறேன். வயதான சீனர்கள் கொடுத்ததைச் சாப்பிட மாட்டார்கள், முரண்டு பிடிப்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். அவர்கள் என்னதான் சாப்பிடுவார்கள், எப்படி ஊட்டுவது?
– வாசகி, மண்டபம்

தங்கச்சி, சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டுக்கு 82 வயதுத் தாத்தா ஒருவர் வந்தார். தாத்தாவை அங்கே ‘ஆ கோங்’ என்பார்கள், பாட்டியை ‘ஆ மா’. கான்டனீஸ் என்ற தென்சீன மொழி பேசும் வீடுகளில் அம்மாவைப் பெற்ற பாட்டி ‘போ போ’. இந்த ஆ கோங் மூன்று நாளாக மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்தார். குறிப்பேட்டில் மூன்று ஷிஃப்டிலும் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருந்தோம். நானும்தான் எழுதினேன். நாலாம் நாள், தரை துடைக்க வந்த ஒரு சீன அக்கா அவர் மேசையில் இருந்த கோப்பையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஃபிரிட்ஜ் தண்ணீர். அதைக் கொட்டிவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். ஆ கோங் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோப்பையைக் காலி செய்தார். அவ்வளவுதான். வயிற்றுக்குள் குளிர்ச்சியை இறக்கினால் செரிமானம் கெடும், உடம்பு பலவீனப்படும் என்பது அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. மருத்துவப்படி சரியா தவறா என்று வாதாட அது இடமே இல்லை. சுடுதண்ணீரால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு ஃபிளாஸ்க் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் கஞ்சி. இதில் நீ சட்டென்று தேறிவிடுவாய், ஏனென்றால் நாம் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சாப்பாட்டுக்கு வழங்கும் ‘காஞ்சி’ என்ற சொல்லே நம் தமிழிலிருந்து போனதுதான். ஆனால் எல்லாச் சீனர் கஞ்சியும் ஒன்றில்லை. தென்சீனத்துத் தியோச்சூ வட்டாரக்காரர்கள் ‘முவே’ என்று சொல்வதில் பருக்கை உடையாமல் தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும், நம் வீட்டுச் சுடுகஞ்சி மாதிரி. கான்டனீஸ்காரர்களின் ‘ஜூக்’ இரண்டு மணி நேரம் வெந்து, அரிசி இருந்த தடமே தெரியாமல் கரைந்திருக்கும். கீழக்கரைப் பள்ளிவாசலில் தூக்குவாளியில் வாங்கிவரும் நோன்புக் கஞ்சியை நினைத்துக்கொள், அதில் மசாலா மட்டும் இல்லை. முவே குடித்து வளர்ந்த ஆ மாவுக்கு ஜூக் கொடுத்தால் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளுவார். பசியில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடாதே. ‘உங்க அம்மா எந்தக் கஞ்சி காய்ச்சுவாங்க?’ என்று கேள்.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில்தான் சண்டையே வரும். உப்பில் ஊறிய வாத்து முட்டை, ‘சாய் போ’ என்று உப்பு முள்ளங்கி வற்றல், புளிக்கவைத்த சோயாக்கட்டி, உப்பு மீன், மேலே சோயா சாஸ். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. சோடியக் கணக்கில் அது 2 கிராம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இரண்டு கரண்டி ஊற்றினால் அன்றைய கணக்கு அங்கேயே முடிந்தது.

ஆகவே எங்கள் இல்லத்தில் ஒரு ஆ மாவுக்குச் சோயாக்கட்டியை அடியோடு நிறுத்தினார்கள். அவர் கஞ்சியையும் நிறுத்திவிட்டார். அடுத்த முறை எடை பார்த்தபோது இரண்டு கிலோ குறைந்திருந்தது. பிறகு உணவு ஆலோசகரோடு பேசி, ஒரு கட்டியை நாலாக வெட்டி, ஒரு துண்டைச் சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது: சாப்ஸ்டிக் நுனியால் அந்தத் துண்டை லேசாகத் தொடுவார், நுனியை நாக்கில் வைப்பார், அதன் பிறகு ஒரு வாய் கஞ்சி. கிண்ணம் காலியாகும்போது அந்தக் கால் துண்டிலும் பாதி மிச்சம் இருக்கும். நம் ஊரில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு பழையது குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறாய்தானே? அவருக்கு வேண்டியிருந்தது ருசிதான். அந்த அளவு உப்பு அவருக்குத் தேவையே இருக்கவில்லை.

வெள்ளைக் கஞ்சி மட்டும் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும், சதையும் கரையும். 65 வயதுக்கு மேல் ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ ஆ மாவுக்கு 50, 60 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். அதனால் கஞ்சிக்குள்ளேயே மீனை உதிர்த்துப் போடு, முட்டையை உடைத்து ஊற்று, சோயாப் பாலில் செய்த மெத்தென்ற டோஃபு சேர். பாலை வற்புறுத்தாதே. கிழக்காசியர்களில் பெரும்பாலோருக்கு வயது வந்தபின் பாலின் சர்க்கரை செரிக்காது, வயிறு பொருமும், பேதியாகும். சுண்ணாம்புச் சத்துக்கு முள்ளோடு தின்னும் நெத்திலி இருக்கிறது. அங்கே மலாய்ச் சொல்லால் ‘இக்கான் பிலிஸ்’ என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கவனமாக வாங்கிக்கொள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் தியோச்சூக் கஞ்சி ஆபத்து. தண்ணீர் முன்னே ஓடும், பருக்கை பின்னே நிற்கும், இரண்டும் சேர்ந்து புரைக்கேறும். அவர்களுக்கு, விழுங்குவதையும் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் சொன்ன கெட்டிப் பதத்தில் மட்டும் கொடு. நிமிர்த்தி உட்காரவை, தாடை மேலே தூக்காமல் பார்த்துக்கொள், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடாதே. ஊட்டும்போது நீயும் உட்கார். நின்றுகொண்டு ஊட்டுகிற கைக்கு அவசரம் தானாக வந்துவிடும்.

சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. சிங்கப்பூரில் ‘ஹீட்டி, கூலிங்’ என்று ஆங்கிலத்திலேயே சொல்வார்கள். ஆட்டுக்கறி, வறுவல், மாம்பழம், டுரியான் பழம் எல்லாம் சூடு. வெள்ளரி, தர்பூசணி, பார்லித் தண்ணீர், சாமந்திப்பூ டீ எல்லாம் குளிர்ச்சி. அட, நம் கணக்குத்தானே என்று நான் தைரியமாக இருந்தேன். ஒரு நாள் சளி பிடித்த போ போ ஒருவரிடம், எங்கள் ஊரில் இதற்கு நண்டு ரசம் வைப்போம் என்று சொன்னபோது, அவர் பதறிக் கையை ஆட்டினார். அவர்களுக்கு நண்டு படு குளிர்ச்சி! அதனால்தான் நண்டோடு இஞ்சியும் வினிகரும் இல்லாமல் சாப்பிடுவதில்லை. நம் பட்டியல் வேறு, அவர்கள் பட்டியல் வேறு. கேட்டுக்கொள்வதுதான் வழி.

மகன், மகள் வீட்டிலிருந்து சூப் கொண்டுவந்தால் அதில் என்ன மூலிகை போட்டார்கள் என்று கேட்டு எழுதிவை. முக்கியமாக ஜின்செங், டாங் குய் வேர். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இவை இரண்டும் மருந்தின் வேலையைக் குழப்பிவிடும். டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி கொடுத்து யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதையும் முரண்டு என்று நினைக்காதே. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் அதையே தின்று உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் அங்கே இருந்த நம் ஆட்களுக்கும் அதே கதைதான். என் பெரியப்பா ரஜூலா கப்பலில் போய்த் திரும்பியவர், சாகும்வரை மரவள்ளியைத் தொடவில்லை.

கடைசியாக ஒன்று. ஹொக்கியன் என்ற இன்னொரு தென்சீன மொழியில் ஒருவரைப் பார்த்தவுடன் ‘ஜியா பா பூவே?’ என்று கேட்பார்கள். வயிறார சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அதை இப்போதே மனப்பாடம் செய்துகொள். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் அதைக் கேள். நம் ஊரில் ‘கஞ்சி குடிச்சாச்சா?’ என்று கேட்டால் ஒருவர் முகம் எப்படி மலரும் என்று உனக்குத் தெரியும்.

என் மகன் பினாங்கில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். வருகிற தையில் மருமகளோடு அவள் பாட்டியும் வருகிறார். வயது 84, குழந்தையாக இருக்கும்போதே சீனாவிலிருந்து வந்தவராம். வீட்டில் எல்லோரும் கை பிசைகிறோம். என்ன சமைப்பது?
– வாசகர், தேவிபட்டினம்

அண்ணே, கை பிசைய வேண்டாம். பினாங்கில் 80 வருடம் இருந்தவருக்குத் தேங்காய்ப் பாலும் புளியும் மிளகாயும் நம்மைப் போலவே பழக்கம். மீன் தலைக் கறி நம் நாட்டு ஆட்களிடமிருந்தே அவர்கள் சாப்பாட்டு மேசைக்குப் போனது. நம் முண்டு மிளகாயைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், போதும். வயதான வயிறு என்பதற்காகத்தான் இந்தக் குறைப்பு.

தை என்கிறீர்கள், அதைக் கவனியுங்கள். பெரும்பாலான வருடங்களில் நம் தை அமாவாசையை ஒட்டித்தான் சீனப் புத்தாண்டு வரும். புத்த மதப் பழக்கம் உள்ள முதியவர்கள் பலர் அந்த முதல் நாளிலும், மாதாமாதம் அவர்கள் பஞ்சாங்கத்தின் முதல் நாள், பதினைந்தாம் நாளிலும் சைவம் சாப்பிடுவார்கள். முதல் நாள் அமாவாசையை ஒட்டியும் பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டியும் வரும். நீங்கள் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு விரதம் இருக்கும் நாளில் அவரும் விரதமாக இருக்கலாம். சிலர் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். குவான் யின் அம்மனைக் கும்பிடுபவர்களில் பலர் மாட்டுக்கறி தொடமாட்டார்கள். இதையெல்லாம் மருமகளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் மீன் வையுங்கள். மலேசியாவில் ‘சியாக்காப்’ என்று ஆவியில் வேகவைத்துக் கொண்டாடுவது நம் கொடுவாதான். முக்கால் கிலோவில் ஒரு கொடுவா, அன்று பிடித்ததாக இருக்க வேண்டும். பழைய மீனை ஆவியில் வைத்தால் ஒளிக்க வழியே இல்லை. தலையோடு வாலோடு சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் கீறி, இஞ்சியை நூலாக நறுக்கி மேலேயும் வயிற்றுக்குள்ளேயும் வைத்து, தட்டோடு இட்லிச் சட்டிக்குள் இறக்குங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் இறக்க வேண்டும். 10 முதல் 12 நிமிடம். கண் வெள்ளையாகப் புடைத்தால் வெந்தது. வெளியே எடுத்து, தட்டில் இறங்கிய நீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் சோயா சாஸ், வெங்காயத்தாள், மேலே இரண்டு கரண்டி காய்ந்த எண்ணெய் சொய்யென்று. நம் நல்லெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அவர்களுடையது வறுத்த எள்ளில் ஆட்டுவது, வாசனையே வேறு.

இப்போது சொல்லப்போவதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மேல்பக்கச் சதை தீர்ந்ததும் மீனைத் திருப்பிப் போடாதீர்கள்.

எனக்கு இது தெரியாது. சேர்ந்த முதல் வருடம் புத்தாண்டு விருந்தில் ஒரு ஆ மாவுக்குப் பரிமாறும்போது, நம் வழக்கப்படி கரண்டியை அடியில் கொடுத்து மீனைப் புரட்டப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். 88 வயதுக் கை, அவ்வளவு இறுக்கம் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. ஒன்றும் பேசவில்லை. இன்னொரு கையால் தன் சாப்ஸ்டிக்கை நடுமுள்ளுக்கு அடியில் நுழைத்து, முள்ளை வால்பக்கத்திலிருந்து அப்படியே தூக்கி எடுத்து ஓரமாக வைத்தார். கீழ்ச்சதை தட்டோடு இருந்தது. பிறகு உள்ளங்கையைப் படகு மாதிரி குவித்து, கவிழ்த்துக் காட்டினார். தென்சீனக் கடற்கரையில் மீனைத் திருப்பினால் யாரோ ஒருவருடைய படகு கவிழும் என்று நம்பிக்கை. அவர் சுவாடவ் பக்கத்து மீன்பிடிக் கிராமத்துப் பெண்.

அந்த வாரம் ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தனுஷ்கோடியை அழித்த 1964 புயலைப் பார்த்தவர் அவர். பிறகு ‘சரிதான்’ என்றார். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது பார்த்தேன், எங்கள் வீட்டில் யாரும் தட்டில் மீனைத் திருப்புவதில்லை. இன்றுவரை இல்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். பாட்டி வாயில் வைக்கும் முன் யாரும் சாப்பிட ஆரம்பிக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் ‘போ போ, சிக் ஃபான்’ என்று கூப்பிட்டுவிட்டு உட்காரட்டும். ‘பாட்டி, சாப்பிடுங்க’ என்பதுதான் அது. அவர் கான்டனீஸ் இல்லை என்றால் எப்படிக் கூப்பிடுவது என்று மருமகள் சொல்லிக்கொடுப்பாள். சோற்றில் கரண்டியையோ குச்சியையோ செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, செத்தவர்களுக்கு ஊதுவத்தி வைப்பது போல ஆகிவிடும். பழமோ பணமோ நாலாகக் கொடுக்காதீர்கள், நாலு என்ற சொல் அவர்கள் காதில் சாவு என்று கேட்கும். பாயசத்துக்குப் பாலுக்குப் பதில் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் போட்டுப் பாசிப்பருப்பில் செய்யுங்கள். பினாங்கில் அவருக்குத் தெரிந்த ருசிதான். குளிர்பானம் வாங்கி வைக்காதீர்கள், ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் வையுங்கள்.

உப்பு மீன் சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று சீனர்களைப் பற்றிய ஒரு காணொளியில் பார்த்தேன். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் கருவாடு. என் மாமியார் கருவாடு இல்லாமல் சோறு உண்ண மாட்டார். நிறுத்திவிடவா?
– வாசகி, கீழக்கரை

சகோதரி, காணொளி பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1993-இல் ‘சீன முறை உப்பு மீனை’ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேல் வரும் ஒரு வகைப் புற்று அது. தென்சீனத்தில், குறிப்பாக குவாங்டாங் பக்கத்து மக்களிடம் அதிகம். அங்கே ஒரு வகை உப்பு மீனுக்கு, மீனைக் கொஞ்சம் நொந்து மெத்தென்று ஆகவிட்டு உப்பிடுவார்கள். அதில் நைட்ரசமைன் என்ற கெட்ட ரசாயனம் உண்டாகிறது. பால்குடி மறக்கும் குழந்தைக்குக் கஞ்சியில் அந்த மீனைப் பிசைந்து ஊட்டும் வழக்கமும் இருந்தது. சின்ன வயதில் சாப்பிட்டவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். அதோடு எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸும் பரம்பரையும் சேர்கின்றன.

முதல் பிரிவு என்றால் புகையிலை அளவுக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை. சான்று உறுதியாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மற்ற நாட்டு உப்பு மீன்களைப் பற்றி அந்த முகமை அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆனால் அதற்காக நான் கருவாட்டுக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. உப்பிட்டுப் பதப்படுத்திய சாப்பாடு மிஞ்சினால் வயிற்றுப் புற்றுக்கும் வழி, ரத்தக் கொதிப்புக்கு நேர்வழி. மாமியாருக்குக் கொதிப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, பார்த்துவிடுங்கள். வாரம் இரண்டை ஒன்றாக்குங்கள். வாளை, சீலாக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்துக் குழம்பில் போடுங்கள். குழம்புக்குத் தனியாக உப்புப் போடவே வேண்டாம். கத்திரிக்காயும் முருங்கைக்காயும் நிறைய, கருவாடு வாசனைக்கு. நொந்த மீனில் போட்ட கருவாடு விலை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கைக்குழந்தைக்குக் கருவாடு வேண்டவே வேண்டாம்.

கடலட்டைக்கு ஏன் சீனாவில் இவ்வளவு மவுசு? வயதானவர்களுக்கு மருந்து என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், வேதாளை

தம்பி, 2001 முதல் கடலட்டை பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மருந்துக் கதைக்காக யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டாம்.

கடலட்டைக்குச் சீனர்கள் வைத்த பெயர் ‘ஹாய் ஷென்’, கடல் ஜின்செங் என்று அர்த்தம். பெயரிலேயே மருந்து வந்துவிட்டது. புத்தாண்டு, பெரியவர்களின் பிறந்தநாள் மாதிரி விருந்துகளில் வைப்பார்கள், அன்றாடச் சாப்பாடு இல்லை. தனியாக அதற்கு ருசி கிடையாது. குழம்பின் ருசியை உறிஞ்சிக்கொள்ளும், வாயில் வழுவழுவென்று போகும். புரதம் இருக்கிறது, கொழுப்பு குறைவு. மூட்டு வலி போகும், ஆயுள் கூடும் என்பதற்கெல்லாம் நம்பும்படியான சான்று இல்லை. எங்கள் இல்லத்துப் பாட்டிகள் அதைவிட முட்டையை விரும்பித்தான் சாப்பிட்டார்கள்.

நம் கரைக்கும் சீனத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. பக்கத்துப் பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கிண்ணமும் தட்டுமாக அந்தக் காலத்திலேயே வந்து இறங்கியிருக்கின்றன.

அம்மாவுக்கு 74 வயது. எட்டு மாதத்துக்கு முன் டொரோன்டோவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனார்கள். தம்பியும் அவன் மனைவியும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஓட்ஸ், ரொட்டி, பால், பழம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். அம்மா ‘பசிக்கல’ என்று சொல்லி அப்படியே வைத்துவிடுகிறார்கள். ஆறு கிலோ குறைந்துவிட்டார்கள். நீங்கள் சீன முதியவர்களைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது.
– வாசகி, தொண்டி

கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா.

முதலில் டாக்டர். ஒரு வருடத்துக்குள் முயற்சி எதுவும் இல்லாமல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். 60 கிலோவில் ஆறு என்றால் பத்து பங்கு. பல், பல்செட், தைராய்டு, சர்க்கரை, மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதுவே பசியைக் குறைக்கும். தம்பியை இந்த வாரமே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால், மற்றதைப் பேசுவோம். எங்கள் இல்லத்துக்கு வந்த ஒரு ஆ மா, அதற்கு முன் மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தவர். பத்தாவது மாடி. மகன் நல்ல பிள்ளை, ரொட்டியும் பால் பவுடரும் டின் மீனும் குறைவில்லாமல் அடுக்கி வைத்திருந்தான். ஆ மா பகல் முழுக்க இரண்டு பிஸ்கட்டைச் சுடுதண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். எங்களிடம் வந்து இரண்டு மாதத்தில் எடை ஏறியது. நாங்கள் விசேஷமாக ஒன்றும் சமைக்கவில்லை. மேசையில் எதிரே இன்னொரு ஆ மா இருந்தார். இவர் தன் கிண்ணத்திலிருந்து கீரையை எடுத்து அவர் கிண்ணத்தில் வைப்பார், அவர் மீனை இவருக்கு வைப்பார். சீனக் குடும்பங்களில் சாப்பாடு என்றால் நடுவில் பாத்திரம், சுற்றிலும் ஆள். அடுத்தவர் கிண்ணத்தில் ஒரு துண்டு வைப்பதுதான் அவர்களுடைய பாசம். தனியாக உட்கார்ந்து தின்பதை அவர்கள் உடம்பு சாப்பாடாக ஏற்றுக்கொள்வதே இல்லை.

அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோ சீனர் தெருவில் இதை முன்பே கண்டுகொண்டார்கள். ஆன் லோக் என்ற அமைப்பு 1971-இல் தொடங்கியது. கான்டனீஸில் அமைதியும் மகிழ்ச்சியும் என்று அர்த்தம். 1973-இல் பகல் நேரப் பராமரிப்பு மையம் திறந்தார்கள். முதியவர்கள் இரவு தங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். பகலில் மையத்துக்கு வந்தால் மருத்துவமும் கிடைக்கும், சுடச்சுடச் சாப்பாடும் கிடைக்கும், பேச்சுத்துணையும் இருக்கும். பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் அம்மா ஓட்ஸை வேண்டாம் என்று சொல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆளில்லாத வீட்டில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சில்லென்று, தனியாக நின்றுகொண்டு சாப்பிடுவதைத்தான் வேண்டாம் என்கிறார்கள். தொண்டியில் அவர்கள் வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் ‘என்ன ஆக்குன?’ என்று கேட்டிருப்பார்கள். அங்கே யார் கேட்பது?

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். சூடு தாங்கும் மின்சாரக் குக்கர் ஒன்று வாங்கட்டும். காலையில் போகும்போது அதில் உளுந்தங்கஞ்சியோ, பருப்பும் அரிசியும் குழைத்த கஞ்சியோ வைத்துவிட்டால், அம்மா எப்போது திறந்தாலும் ஆவி வரும். அந்த ஆவிக்கே பாதிப் பசி வரும். அந்த ஊரில் ஸ்கார்பரோ பக்கம் தமிழ்க் கடைகளும் சீனக் கடைகளும் நிறைய. சீனக் கடையில் நெத்திலியும் முழு மீனும் கீரையும் கிடைக்கும். சனிக்கிழமை அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அவர்களே எடுக்கட்டும். சமைக்கவும் விடட்டும். ‘நீங்க சும்மா இருங்கம்மா’ என்று அடுப்படியிலிருந்து விலக்குவது அன்புதான், ஆனால் அது அவர்களுக்கு நல்லதாகப் படாது. தமிழ் முதியவர்கள் கூடும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். வாரம் ஒரு நாள் போனாலும் போதும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நமக்குச் சாயங்காலம் ஆறரை மணி என்றால் அங்கே காலை, பனிக்காலத்தில் எட்டு, கோடையில் ஒன்பது. தம்பி வேலைக்குப் போயிருப்பான், அம்மா மட்டும் இருப்பார்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் காபியும் ஏதாவது பலகாரமும் எடுத்துக்கொண்டு, போனைச் சுவரில் சாய்த்துவைத்து, வீடியோவில் கூப்பிடுங்கள். அம்மாவும் கஞ்சியை எடுத்துக்கொண்டு எதிரே உட்காரட்டும். சாப்பிட்டீங்களா, எவ்வளவு சாப்பிட்டீங்க என்று விசாரணை வேண்டாம். தெருவில் யாருக்குக் கல்யாணம், இன்றைக்குச் சந்தையில் சூடை என்ன விலை, அதைப் பேசுங்கள். நீங்கள் ஒரு வாய் வையுங்கள், அவர்கள் ஒரு வாய் வைப்பார்கள். முதல் வாரம் அரைக் கிண்ணம்தான் போகும். பரவாயில்லை. கிண்ணம் முடிகிற வரை போனை வைக்காதீர்கள்.